உஷார்! உங்கள் நடைபாதை ஏலத்துக்கு வருகிறது

'பகிர்வு மின் ஸ்கூட்டர்களுக்கு விதிமுறை கொண்டுவரப் போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்' என்று உங்கள் மாநகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டால், நமக்கென்ன என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வண்டியில் ஏறுகிறவராக இருக்கலாம். அதைக் கண்டாலே எரிச்சல்படுகிறவராகவும் இருக்கலாம். இரண்டு தரப்புக்கும்தான் இந்த எச்சரிக்கை. அந்த வரைவை வரிக்கு வரி படித்து, வக்கீல் வைத்துப் பதில் அனுப்பப்போகிறவர்கள் ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள். பேரம் நடப்பதோ உங்கள் வாசலுக்கு முன்னால் இருக்கிற நான்கடி நடைபாதைக்கு. நீங்கள் இல்லாமலே அது படிந்துவிடும்.

லண்டன், மெல்பர்ன் என்று நம் மக்கள் நிறைந்த ஊர்களில் இந்தப் பேரம் நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை மொத்தக் கூத்தையும் பார்த்து முடித்த ஊர் பாரிஸ். ஐந்தே வருடம். வந்தது, குவிந்தது, விதி வந்தது, உயிர் போனது, மறுபடி விதி வந்தது, கடைசியில் வாக்கெடுப்பு வைத்துத் துரத்தினார்கள். உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கூட்டர் என்றதும் உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டியை நினைத்துவிட வேண்டாம். இது நின்றுகொண்டு ஓட்டுவது. ஒரு பலகை, முன்னும் பின்னும் சின்னச் சக்கரம், நெஞ்சு வரை வரும் ஹேண்டில் கம்பி, பலகைக்கு அடியில் பேட்டரி. தெருவோரத்தில் நிற்கும். போனில் கியூஆர் கோடைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். காலால் இரண்டு உந்து உந்தி, வலது கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும். போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். ஸ்டாண்டும் கிடையாது, காவலாளும் கிடையாது. வசதியும் அதுதான், வினையும் அதுதான்.

2018 ஜூனில் லைம் கம்பெனி பாரிஸ் தெருக்களில் ஸ்கூட்டர்களை இறக்கியது. ஆகஸ்டில் பேர்ட் வந்தது. அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு டஜன் கம்பெனிகள் வந்து சேர்ந்தன. 2019 நடுவில் நகரத்தில் சுமார் 20,000 ஸ்கூட்டர்கள். இவர்களில் யாரும் டெண்டர் எடுத்து வந்தவர்கள் இல்லை. தடுக்கச் சட்டமும் இல்லை. பிரான்ஸின் சாலை விதித் தொகுப்பில் இந்த வண்டிக்கென்று ஒரு பிரிவே 2019 அக்டோபரில்தான் வந்தது. எந்தக் கம்பெனி வரலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நகரங்களுக்குக் கிடைத்தது அதற்கும் பிறகு, 2019 டிசம்பர் போக்குவரத்துச் சட்டத்தோடு. ஆக ஒன்றரை வருடம் பொதுத்தெரு இலவச ஷோரூமாக இருந்தது.

இது பாரிஸுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். அந்தத் தொழிலின் நடைமுறையே அதுதான். முதலில் இறக்கு. ஜனங்களைப் பழக்கு. மாநகராட்சி விழித்துக்கொள்ளும்போது 'இத்தனை ஆயிரம் பேர் உபயோகிக்கிறார்களே, எடுத்துவிட்டால் கோபப்படுவார்களே' என்று பேசு. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 2017 செப்டம்பரில் பேர்ட் இப்படித்தான் தொடங்கியது. நகர நிர்வாகம் குற்றவழக்கே போட்டது. மறு பிப்ரவரியில் கம்பெனி 3 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. வியாபாரம் அதுபாட்டுக்கு நடந்தது.

முதுகெலும்போடு நின்ற ஊர் சான் பிரான்சிஸ்கோ. 2018 மார்ச்சில் பேர்ட், லைம், ஸ்பின் மூன்றும் அனுமதி கேட்காமல் வண்டிகளைக் கொட்டின. நகரம் அவசரச் சட்டம் போட்டு ஜூன் 4 முதல் அத்தனையையும் எடுக்கவைத்தது. பிறகு விண்ணப்பம் கேட்டது. 12 கம்பெனிகள் வரிசையில் நின்றன. உரிமம் கிடைத்தது ஸ்கூட், ஸ்கிப் என்ற இரண்டுக்கு மட்டும், அதுவும் தலைக்கு 625 வண்டி. கேட்காமல் கொட்டிய மூன்றுக்கும் அந்தச் சுற்றில் பூஜ்யம். உங்கள் ஊர் வரைவைக் கையில் எடுத்தால் முதலில் தேடவேண்டியது இதைத்தான்: விதி வருவதற்கு முன்னாலேயே தெருவில் இறக்கிய கம்பெனிக்கு என்ன தண்டனை? தண்டனை எதுவும் எழுதப்படவில்லை என்றால், அந்தக் கம்பெனிகளுக்குப் போகிற சேதி என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாரிஸ் 2019-இல் போட்ட முதல் விதிகள் நிறுத்துமிடத்தைப் பற்றியவை. நடைபாதையில் நிறுத்தினால் 35 யூரோ அபராதம். நடைபாதையில் ஓட்டினால் 135 யூரோ. கம்பெனி ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 50 முதல் 65 யூரோ கட்டவேண்டும். வருடத்துக்கு 50 யூரோ! பாரிஸில் ஒரு காருக்குத் தெருவோரம் இடம் பிடிக்கிறவர்கள் கொடுக்கிற காசைத் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டிருப்பார்கள்.

நிறுத்துகிற விஷயத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவேண்டாம். பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஃபோபூர் சேன் தெனி தெருவில் ஏறினால், ஞாயிற்றுக்கிழமை அந்த நடைபாதையில் தோள் இடிக்காமல் போகமுடியாது. கடைக்கு வெளியே வாழைக்காய்ப் பெட்டி, கருவேப்பிலைக் கட்டு. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் இழுவைப்பையோடு வருகிற அம்மாமார். அந்த நெரிசலில் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தால் சுற்றிப்போக வழி ஒன்றுதான், தெருவில் இறங்குவது. பின்னால் பஸ் வரும். இளவட்டம் தாண்டிப் போய்விடும். முழங்கால் வலிக்காரரும் பிள்ளை வண்டி தள்ளுகிறவரும் என்ன செய்வார்கள்?

கண் தெரியாதவர் நிலை இன்னும் மோசம். வெள்ளைப் பிரம்பு தரையைத் தடவிக்கொண்டு இடதும் வலதுமாக வீசிப் போகும். நட்டுவைத்த கம்பம், சுவர், படி எல்லாம் அவர் மனத்தில் வரைபடமாக இருக்கும். நேற்று இல்லாத இடத்தில் இன்று ஒரு ஸ்கூட்டர். பிரம்பு சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையில் போய் மாட்டும், அல்லது இரண்டு சக்கரத்துக்கும் தப்பிப் போய்விடும். ஹேண்டில் கம்பி நெஞ்சில் இடிக்கும்போதுதான் அங்கே வண்டி நிற்கிறது என்பதே தெரியும். டொராண்டோ மாநகராட்சி 2021 மே மாதம் மாகாணத்தின் மின் ஸ்கூட்டர் சோதனைத் திட்டத்தில் சேரமாட்டோம் என்று ஏகமனதாக முடிவெடுத்தபோது, அதன் பின்னால் இருந்த பெரிய காரணம் மாற்றுத்திறனாளிகள் ஆலோசனைக் குழுவின் எதிர்ப்பு. அவர்கள் வரைவுக் கட்டத்திலேயே கூட்டத்துக்கு வந்தார்கள், பேசினார்கள், பதிவு செய்தார்கள். அதனால் எடுபட்டது.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று யாராவது சொன்னால் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனைக் கணக்கைக் காட்டுங்கள். 2017 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்தில் அங்கே இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஸ்கூட்டரால் காயம்பட்டு வந்தவர்கள் 249 பேர். அதில் 21 பேர் ஸ்கூட்டரில் ஏறாதவர்கள். 11 பேரை ஸ்கூட்டர் இடித்தது. 5 பேர் நிறுத்திவைத்த ஸ்கூட்டரில் தடுக்கி விழுந்தார்கள். மீதி 5 பேர்? வழியில் கிடந்த வண்டியைத் தூக்கப் போய் அடிபட்டவர்கள். தூக்குவதற்கு அது இலேசான சாமான் இல்லை. வாடகை வண்டி திருடு போகக்கூடாது, சீக்கிரம் உடையக்கூடாது என்று கனமாகவே செய்கிறார்கள். ஓரமாக நகர்த்திவைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு குனிகிறவர்களே, இடுப்பு பத்திரம்.

பாரிஸின் இரண்டாவது சுற்று 2020-இல். டெண்டர் விட்டு லைம், டாட், டியர் என்ற மூன்று கம்பெனிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 5,000 வண்டி, மொத்தம் 15,000. சுமார் 2,500 இடங்களில் கோடு போட்டு நிறுத்துமிடம் ஒதுக்கினார்கள். அங்கே நிறுத்தி போட்டோ எடுத்து அனுப்பினால்தான் வாடகை முடியும். உள்ளபடியே நல்ல விதிகள். ஐரோப்பாவிலேயே கண்டிப்பான நகரம் என்று பேரும் கிடைத்தது. ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது.

2021 ஜூன் 14 அதிகாலை, செய்ன் நதிக்கரைப் பாதையில் 31 வயதான இத்தாலியப் பெண் ஒருவர் இருந்தார். ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள் ஏறி வந்து அவரை இடித்தார்கள். விழுந்ததில் தலை தரையில் மோதியது. இடித்தவர்கள் நிற்கவில்லை. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். நடந்தது நடைபயில்வோர் இடத்தில். ஒரு ஸ்கூட்டருக்கு ஓர் ஆள்தான் என்ற விதி அப்போதே இருந்தது. அபராதமும் இருந்தது, வெறும் 35 யூரோ.

இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பலகை ஒருவர் நிற்பதற்கான நீளம். பின்னால் நிற்கிறவர் பின் சக்கரத்துக்கு மேலே போய்விடுவார். பாரம் பின்னுக்குச் சாயும், முன் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், ஹேண்டில் ஆடும். பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் மேல் சாய்வார். பெரிய சக்கரம் என்றால் ஒரு மேடு பள்ளத்தை விழுங்கிவிடும். இந்தச் சின்னச் சக்கரம் விழுங்காது. பாரிஸின் பழைய கல் பாவிய தெருக்களில் ஒரு கல் கூடுதலாகத் துருத்தினாலே போதும். இத்தனைக்கும் அந்த வண்டியின் ஆப் ஒருவர் ஏறியிருக்கிறாரா இருவரா என்று கேட்காது. ஒரு கணக்கு, ஒரு கார்டு, காசு வந்தால் சரி.

அந்தச் சாவுக்குப் பிறகு மாநகராட்சி கம்பெனிகளை மிரட்டியது. நவம்பரில் சுமார் 700 இடங்களில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று குறைத்தார்கள். மற்ற இடங்களில் 20. அதை எப்படி அமல்படுத்தினார்கள் என்பதில்தான் அடுத்த உஷார் இருக்கிறது. போலீஸ்காரர் விசில் ஊதிப் பிடிப்பதில்லை. வண்டிக்குள் இருக்கிற ஜிபிஎஸ், வரைபடத்தில் கோடு போட்ட பகுதிக்குள் நுழைந்துவிட்டோம் என்று அறிந்தவுடன் மோட்டாரைத் தானே அடக்கிவிடும். 'ஜியோஃபென்சிங்' என்று கவுன்சில் கூட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். எல்லாப் பிரச்சினைக்கும் அதுவே மருந்து என்பது போலப் பேசுவார்கள். நம்பிவிடாதீர்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சில மீட்டர் தப்பும். சாலை எது, அதை ஒட்டிய நடைபாதை எது என்று பிரித்துச் சொல்லமுடியாமல் போக அந்தச் சில மீட்டரே போதும். ஓட்டுகிறவருக்கு இன்னொரு ஆபத்து: பின்னால் கார் வருகிற சாலையில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வண்டி தொய்ந்துபோகும். கோடு எங்கே என்று தெருவில் எழுதியிருக்காது, வரைபடத்தில்தான் இருக்கும். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பீர்களா, சாலையைப் பார்ப்பீர்களா?

கட்டண முறையையும் கவனியுங்கள். வரைவு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. எனக்கோ முழு விவகாரத்திலும் இதுதான் நச்சு வேர் என்று படுகிறது. பூட்டைத் திறக்க ஒரு யூரோ, அதன்பிறகு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும். சிவப்பு விளக்கில் நின்றால் காசு. வயதானவர் சாலையைக் கடக்கக் காத்திருந்தால் காசு. நிறுத்துமிடம் நிரம்பிப்போய் அடுத்ததைத் தேடி அலைந்தாலும் காசு. பொறுமைக்கு அபராதமும் அவசரத்துக்குத் தள்ளுபடியும் தருகிற கட்டணம் இது. வேகத்தை 10 என்று அடக்கினால் அதே தூரத்துக்கு நிமிடம் கூடும், கம்பெனிக்கு வருமானமும் கூடும். தூரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கச் சொல்லி உங்கள் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள்.

அடிபட்டவர்கள் யார்? அமெரிக்காவின் ஆஸ்டின் நகரச் சுகாதாரத் துறையும் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2018 இலையுதிர்காலத்தில் மூன்று மாதம் கணக்கெடுத்தன. காயம்பட்ட ஓட்டிகள் 190 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தலையில் அடி. ஹெல்மெட் போட்டிருந்தவர் 190-இல் ஒரே ஒருவர். மூன்றில் ஒரு பங்கினர் முதல்தடவை ஏறியவர்கள். கடைசி வரியை மறுபடி படியுங்கள். சைக்கிள் பழக்கம் இருக்கிறதே, பைக் ஓட்டத் தெரியுமே என்ற தைரியம் இங்கே செல்லாது. பாரிஸில் 2022-இல் மட்டும் ஸ்கூட்டர் விபத்துகளில் 3 பேர் இறந்தார்கள், 459 பேர் காயமடைந்தார்கள். மூன்று கம்பெனி, வேகக் கட்டுப்பாடு, நிறுத்துமிடம் என்று எல்லா விதியும் அமலில் இருந்த வருடம் அது.

வழக்கமாகச் சொல்லப்படும் 'பசுமைப் பயணம்' வாதத்துக்கு அதிக இடம் தரப்போவதில்லை. காரை வீட்டில் விட்டுவிட்டு இதில் ஏறினால் லாபம். நடந்து போயிருக்கவேண்டியவர், மெட்ரோவில் போயிருக்கவேண்டியவர் இதில் ஏறினால் என்ன லாபம்? ராத்திரி வேனில் சுற்றி அவற்றைப் பொறுக்கிச் சார்ஜ் போடுகிற டீசல் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இனி அந்த வாக்கெடுப்பு. கம்பெனிகளின் ஒப்பந்தம் முடிகிற நேரம். வயதைச் சரிபார்க்கிறோம், குற்றம் செய்தால் பிடிக்க நம்பர் பிளேட் மாட்டுகிறோம் என்று கம்பெனிகள் இறங்கி வந்தன. மேயர் ஆன் இடால்கோ, மக்களே சொல்லட்டும் என்று 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு வைத்தார். ஆன்லைனில் வாக்களிக்க வழி இல்லை, நேரில் வரவேண்டும். கம்பெனிகள் இளைஞர்களை இழுக்கச் சமூக ஊடகப் பிரபலங்களைப் பிடித்தன. அன்றைக்கு இலவச ஓட்டமும் தந்தன. இலவச வண்டியில் ஏறிய பிள்ளைகள் வாக்குச்சாவடிக்குப் போனார்களா, ஊர் சுற்றப் போனார்களா தெரியாது. பதிவான வாக்காளர் சுமார் 13.8 லட்சம் பேர். வந்தது 1,03,084 பேர். 7.46 சதவீதம். வந்தவர்களில் 89 சதவீதம் வேண்டாம் என்று போட்டார்கள். அன்று இரவே கதை முடிந்தது. ஆகஸ்ட் கடைசியோடு 15,000 வண்டிகளும் தெருவிலிருந்து போய்விட்டன.

ஸ்கூட்டர் வேண்டாம் என்பவர்கள் இதைக் கேட்டுக் கைதட்டலாம். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. நூற்றுக்கு 92 பேர் வீட்டில் இருக்க, 7 பேர் முடிவு செய்த காரியம் அது. தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போனவர்கள், மெட்ரோ நின்றுபோன பின்னிரவில் ஓட்டல் வேலை முடிந்து வீடு திரும்ப அதை நம்பியிருந்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோம்பலுக்கு விலை கொடுத்தார்கள். நாளை உங்கள் ஊரில் இதே 7 சதவீதம் மறுபக்கம் சாய்ந்து, நடைபாதை முழுக்க வண்டிகளை அடுக்க ஒப்புக்கொண்டாலும் இப்படித்தான் இருக்கும்.

தடை வந்துவிட்டதே, இனி நடைபாதையில் நிம்மதியாகப் போகலாம் என்று நினைக்கும் பாரிஸ்வாசிகளும் கொஞ்சம் நில்லுங்கள். போனது வாடகை வண்டி மட்டும். சொந்த ஸ்கூட்டர் இன்றும் ஓடுகிறது. 2023 செப்டம்பர் முதல் நாட்டு விதி கடுமையாகியிருக்கிறது: குறைந்தபட்ச வயது 12-இலிருந்து 14. இருவர் ஏறினால் அபராதம் 35-இலிருந்து 135 யூரோ. இன்ஷூரன்ஸ் அதற்கு முன்பிருந்தே கட்டாயம். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரப்போகிற பெற்றோர், கடைக்காரர் இந்த இன்ஷூரன்ஸ் விஷயத்தை வாய் திறந்து சொல்வார் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

லண்டனில் இருக்கிற மாணவர்களுக்குத் தனியாக ஓர் அபாயச் சங்கு. அங்கே 2021 ஜூனில் தொடங்கிய சோதனைத் திட்டத்தின் வாடகை ஸ்கூட்டர் மட்டும்தான் தெருவில் சட்டப்படி ஓடலாம். வேகம் 12.5 மைல், ஓட்டக் குறைந்தது புரொவிஷனல் லைசென்ஸ் வேண்டும். நம் நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர், வந்து 12 மாதம் ஆகாதவரை அதைக் காட்டலாம். சொந்த ஸ்கூட்டரைக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், வாங்கலாம், தவறில்லை. பொதுச்சாலையிலோ நடைபாதையிலோ ஓட்டினால் மட்டும் குற்றம்! 'கடையில்தானே வாங்கினேன்' என்ற பதில் போலீஸிடம் எடுபடாது. வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளியும் விழும். புதிதாக லைசென்ஸ் எடுத்த இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் அந்த லைசென்ஸே ரத்து. பஸ் காசை மிச்சம் பிடிக்கப் போய், கார் ஓட்டும் டெலிவரி வேலையும் சேர்ந்து போன கதையாகிவிடும். மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேட்டரி தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு 2021 டிசம்பர் 13 முதல் லண்டன் ரயில், பஸ் எதிலும் சொந்த ஸ்கூட்டரை ஏற்றுவதில்லை. குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டியதற்கு உள்ள அதே சட்டம்தான். வாடகை வண்டிக்கும் சேர்த்துத்தான்.

வாடகையோடு இன்ஷூரன்ஸ் வருகிறதே என்று தெம்பாக இருக்கவேண்டாம். அது பெரும்பாலும் நீங்கள் யாரையாவது இடித்தால் அவருக்கான ஈடு. உங்கள் கை முறிந்தால் எவ்வளவு, யார் தருவார்கள் என்பது ஆப்பில் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போன அந்த நீண்ட நிபந்தனைக்குள் கிடக்கிறது. இரண்டு பேர் ஏறியிருந்தாலோ, அண்ணன் கணக்கில் தம்பி ஓட்டியிருந்தாலோ அந்த ஈடும் கேள்விக்குறிதான்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2019 செப்டம்பரில் 65 வயதான சைக்கிளோட்டி ஒருவர் ஸ்கூட்டர் மோதி இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின் ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. பகிர்வு ஸ்கூட்டருக்கு உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களை 2020 பிப்ரவரியில் நிலப் போக்குவரத்து ஆணையம் மொத்தமாக நிராகரித்தது. உணவு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் சக்கரம் இழந்து நின்றார்கள். வேறு வண்டிக்கு மாற அரசு பணம் கொடுத்தது உண்மை. முன்னாலேயே யோசித்திருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்காது என்பதும் உண்மை.

கம்பெனி நொடித்துப்போனால் என்ன ஆகும் என்பதையும் வரைவில் தேடுங்கள். கற்பனைப் பயம் இல்லை இது. தொழிலைத் தொடங்கிவைத்த பேர்ட், 2023 டிசம்பர் 20-இல் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. பாரிஸில் போட்டியாளர்களாக இருந்த டியரும் டாட்டும் அடுத்த மாதமே இணையப்போவதாக அறிவித்தன. கம்பெனி மறைந்தால் தெருவில் நிற்கும் ஆயிரக்கணக்கான வண்டிகளை எடுப்பது யார்? அடிபட்டு நஷ்ட ஈட்டுக்குக் காத்திருக்கிறவருக்குப் பணம் எங்கிருந்து வரும்? மாநகராட்சியிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை கட்டவேண்டும் என்ற ஒரு வரி இருந்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். இல்லையென்றால் குப்பை அள்ளும் செலவு உங்கள் வரிப்பணத்தில்.

மெல்பர்ன் நகரசபை 2024 ஆகஸ்டில் லைம், நியூரான் இரண்டின் ஒப்பந்தத்தையும் பாதியில் முறித்தது. மாட்ரிட் அதே வருடம் அக்டோபரோடு வாடகை ஸ்கூட்டருக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அனுமதி கொடுத்துவிட்டுப் பாதியில் பிடுங்குவது ஊருக்கும் நல்லதில்லை, ஓட்டுகிறவருக்கும் நல்லதில்லை. எந்தத் தவறுக்கு எத்தனை வண்டி குறைக்கப்படும், எந்தத் தவறுக்கு உரிமம் போகும் என்று முதலிலேயே படிப்படியாக எழுதிவைத்தால் இந்த வெட்டு ஒன்று துண்டு இரண்டுக்கு அவசியமே வராது. பாரிஸ் ஒப்பந்தத்தில் எனக்குத் தெரிந்த பெரிய ஓட்டை அதுதான். இடையில் திருத்த வழி குறைவாக இருந்ததால், கடைசியில் இருக்கட்டுமா, போகட்டுமா என்ற ஒரே கேள்வியாக முடிந்துபோனது.

கருத்துப் படிவத்தில் 'ஸ்கூட்டர் வேண்டாம்' என்றோ 'வேண்டும்' என்றோ ஒற்றை வரி எழுதி அனுப்பினால் அது எண்ணிக்கையில் ஒன்றாகக் கரைந்துவிடும். உங்கள் தெருவை எழுதுங்கள். பள்ளிக்கூட வாசலில் விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்று நாடாவைப் பிடித்து அளந்து எழுதுங்கள். எந்த மூலையில் வண்டி நிறுத்தினால் சக்கர நாற்காலி போகமுடியாது என்று போட்டோவோடு சொல்லுங்கள். நிறுத்துமிடத்தை நடைபாதையில் கோடு போடாமல், காருக்கு ஒதுக்கிய இடத்தில் ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வழியில் வண்டி கிடந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எத்தனை மணி நேரத்தில் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் கம்பெனிக்கு எவ்வளவு அபராதம் என்று கேளுங்கள். வீட்டில் ஆங்கிலமோ பிரெஞ்சோ எழுத வராத பெரியவர்கள் இருந்தால், அந்த நடைபாதையில் அதிகம் நடக்கிறவர்கள் அவர்கள்தான். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் பேரில் தனிப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். இந்தப் படிவங்கள் கடைசித் தேதி நள்ளிரவோடு மூடிவிடும்.